பனிக்கு முன்பே கூட்டைப் பார்ப்போம்

(தோட்டத் தலைவிமாரும் மாதர் பிரிவு அங்கத்தவர்களும் கூடிய மாதாந்தக் கூட்டத்தில் மாதர் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. அங்கத்தவர்கள் கேட்டுக்கொண்டபடி முழுமையாக வெளியாகிறது.)

இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றியோ, கொழுந்து குறைந்தால் அரைப் பேர் போடுவதைப் பற்றியோ பேச நாங்கள் எழுந்திருக்கவில்லை. அதைப் பேசத் தலைவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் கோழியைப் பற்றிப் பேசப் போகிறோம். பின்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் கடைசி வரைக்கும் இருந்து கேட்டுவிட்டுப் போங்கள். இது நாங்கள் உங்களுக்குக் கொடுக்க வேண்டிய ஒரு கணக்கு.

மூன்று வருடங்களுக்கு முன்னால் இந்த மாதர் பிரிவு ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்து ஒரு பிழை செய்தது. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, சங்கமும் கொஞ்சம் உதவி, நாற்பது குடும்பங்களுக்கு ஐந்து ஐந்தாக இருநூறு கோழிக் குஞ்சுகள் வாங்கிக் கொடுத்தோம். படம் எடுத்தோம், கை தட்டினோம். கொடுத்தது கார்த்திகைக் கடைசியில். தைப்பொங்கலுக்குக் கணக்கெடுத்தபோது உயிரோடு இருந்தவை எழுபதுகூட இல்லை. ஒரு சகோதரி வந்து, “குஞ்சு கொடுத்தீங்க, குளிரை யார் பார்க்கிறதுன்னு சொல்லலையே” என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில், எதற்குக் கோழி? 2016ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் கீழே, வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர் அளவில் வந்தது. நம் பிள்ளை குட்டையாகப் பிறந்த சாதி இல்லை. சாப்பாடு போதாமல் குட்டையானது. 2022இல் முட்டை ஒன்று ஐம்பது ரூபாயைத் தாண்டியபோது எத்தனை வீட்டில் முட்டையை மறந்தோம் என்று உங்களுக்கே தெரியும். ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. ரொட்டியும் சம்பலும் தின்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக் கிழமையில் மூன்று முட்டை கிடைத்தால் அது பெரிய விசயம். வயிற்றுப் பிள்ளையோடு மலைக்கு ஏறுகிற நம் பெண்களுக்கும் அப்படியே.

ஆகவே கோழி விளையாட்டு இல்லை. ஆனால் நாம் வளர்க்கிற இடம் எது? நுவரெலியா, கந்தப்பளை, ராகலை, நானுஓயா, லிந்துலை, அம்பேவலைப் பக்கம். மார்கழி கடைசியிலிருந்து மாசி வரைக்கும் வானம் வெளுத்து, காற்று அடங்கி, நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற இரவுகளில் விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாகத் துகள் பனி படிகிற இடம். கொழுந்து கருகிப் போவதைப் பார்த்திருக்கிறோம். பள்ளத்து மலைதான் முதலில் கருகும், மேட்டு மலை தப்பிக்கும். குளிர்ந்த காற்றுக்குப் பாரம் அதிகம், அது தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். இது நம் எல்லாருக்கும் கண்ணால் கண்ட பாடம். ஆனால் கோழிக்கூட்டை எங்கே வைக்கிறோம்? தண்ணீர் வசதி என்று பீலிக் கரையில், ஆற்றோரப் பள்ளத்தில் வைக்கிறோம். கொழுந்து கருகுகிற இடத்தில் குஞ்சை வைத்தால் குஞ்சு என்ன செய்யும்? கூடு மேட்டில் இருக்கட்டும், காலை வெயில் முதலில் படுகிற பக்கம் இருக்கட்டும். இன்னொன்று, திறந்த வானத்துக்குக் கீழே இருக்கிற எதுவும் இரவில் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தவறணையில் நாற்றுக்கு மேலே பந்தல் போடுவது வெயிலுக்கு மட்டுமில்லை. கோழிக்கும் தலைக்கு மேலே ஏதாவது ஒரு கூரை வேண்டும். கொய்யா மரக் கிளையில் ஏறிப் படுக்கிற கோழியைத் தை மாதம் மட்டுமாவது இறக்கிக் கூட்டில் விடுங்கள்.

இரண்டாவது விசயத்தில்தான் நாங்கள் அதிகம் ஏமாந்தோம். குளிர் என்றதும் கூட்டைச் சுற்றிப் பொலித்தீனைப் போட்டு, ஓட்டை ஒன்று விடாமல் அடைத்து, மேலே சாக்கும் போட்டு மூடினோம். காலையில் திறந்தால் உள்ளே பொலித்தீனில் தண்ணீர் துளி துளியாக வடிகிறது, கண்ணை எரிக்கிற நாற்றம், குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. என்ன நடந்தது? கோழி மூச்சு விடுகிறது, எச்சம் போடுகிறது, இரண்டிலும் ஈரம். அந்த ஈரம் போக வழியில்லாமல் கூரைத் தகரத்தில் குளிர்ந்து மறுபடி கோழி மேலேயே விழுகிறது. எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பி நெஞ்சை அரிக்கிறது. நம் கோழியைக் கொன்றது குளிர் மட்டுமில்லை, ஈரமும் கெட்ட காற்றும் சேர்ந்து கொன்றன.

கனடாவில் கியூபெக் என்ற மாகாணம் இருக்கிறது. அங்கே பனிக்காலத்தில் சைபருக்குக் கீழே இருபது பாகை போவது சாதாரணம். அந்த ஊரிலும் கொல்லையில் கோழி வளர்க்கிறார்கள். கொண்டை குளிரில் கருகிப் போகிறது என்று, கொண்டை மிகச் சிறியதான சாண்டெக்லேர் என்ற இனத்தையே நூறு வருடங்களுக்கு முன்னால் அங்கே ஒரு மடத்தில் உருவாக்கினார்கள். அந்தக் குளிரோடு பார்த்தால் நம் குளிர் தம்பி மாதிரி. வளர்ந்த கோழியின் உடம்புச் சூடு 41 பாகை செல்சியஸ் அளவு, நம்மைவிட அதிகம். அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்காரும்போது இறகுக்கு நடுவில் காற்று அடைபட்டுக் கம்பளியாகிறது. நாம் மலையில் கொங்காணி போடுகிற மாதிரிதான். கொங்காணி நனைந்துவிட்டால் என்ன ஆகும்? அதேதான் கோழிக்கும். இறகு நனையக்கூடாது, இறகை விலக்குகிற காற்று நேராக அடிக்கக்கூடாது. இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் வளர்ந்த ஊர்க்கோழிக்கு நம் ஊரில் அடுப்பும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

இனி கூடு. மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கத்தைப் பலகையாலோ பழைய தகரத்தாலோ முழுதாக அடையுங்கள். மற்றப் பக்கங்களிலும் கோழி படுக்கிற உயரம் வரைக்கும் அடைத்துவிட்டு, கூரைக்குக் கீழே, கோழியின் தலைக்கு மேலே, நாலு விரல் அகலத்துக்கு இடம் விடுங்கள். அந்த இடைவெளிக்குக் கம்பி வலை அடியுங்கள், இல்லாவிட்டால் கீரியும் மரநாயும் வரும். சூடான ஈரக்காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும், கீழே கோழி மேல் காற்று அடிக்காது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க மீற்றர் எதுவும் வேண்டாம். விடியற்காலை கூட்டைத் திறந்து, குனிந்து, கோழியின் மூக்கு இருக்கிற உயரத்தில் உங்கள் மூக்கை வையுங்கள். உங்கள் கண் எரிந்தால் அதன் கண்ணும் எரிகிறது என்று அர்த்தம்.

படுக்கிற கட்டை உருண்டைக் கம்பாக இருக்க வேண்டாம். இரண்டு அங்குல அகலத்தில் தட்டையான சட்டம் போடுங்கள். அப்போதுதான் கோழி உட்காரும்போது அதன் வயிற்று இறகு கால் விரலை மூடும். ஒரு கோழிக்கு எட்டு அங்குல இடம் போதும், நெருங்கி உட்கார்ந்தால் ஒன்றுக்கொன்று சூடு. ஐந்து கோழிக்குப் பெரிய மாளிகை கட்டினால் அது குளிரும்.

தரையில் நாலு முதல் ஆறு அங்குலத்துக்குக் காய்ந்த படுக்கை வேண்டும். நமக்கு உமி கிடைப்பது கஷ்டம். சோமில்லில் மரச்சீவல் கேட்டு வாங்குங்கள், மருந்து அடித்த மரத்தின் தூளாக இருக்கக்கூடாது. காய்ந்த மானாப்புல்லை நறுக்கியும் போடலாம். வாரத்தில் இரண்டு நாள் கிளறி விடுங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் உருண்டையாக நின்றால் ஈரம், உதிர்ந்தால் நல்லது. ஈரமான இடத்தை அள்ளிப் போட்டுப் புதிதாகப் போடுங்கள். அள்ளியதை மக்க வைத்துக் கோவா, லீக்ஸ் பாத்திக்குப் போட்டால் அது தனி இலாபம். தண்ணீர்ச் சட்டியை இரவில் கூட்டுக்குள் வைக்க வேண்டாம், கவிழ்த்து எல்லாவற்றையும் நனைத்துவிடும். காலையில் தேத்தண்ணிக்குக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு கோப்பை கலந்து வெதுவெதுப்பாக வையுங்கள்.

சாப்பாடுதான் கோழிக்கு அடுப்பு. குளிரில் அது வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தின்னும், தின்னத்தான் வேண்டும். கூடு அடையும் முன்னால், பின்னேரம் ஒரு பிடி உடைத்த சோளமோ குருணல் அரிசியோ போடுங்கள். அது இரவு முழுக்க மெதுவாகச் செரித்துச் சூடு கொடுக்கும். இந்த மாதங்களில் முட்டை குறைந்தால் கோழியைத் திட்ட வேண்டாம். வெள்ளைக்காரன் ஊரில் பனிக்காலத்தில் பகல் மிகவும் சுருங்குவதால் முட்டை நிற்கும். நம் நாட்டில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் முக்கால் மணி நேரம் அளவுதான் வித்தியாசம். இங்கே குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், கோழி இறகு உதிர்த்து முளைக்க வைக்கிறது, அல்லது தின்றதெல்லாம் உடம்புச் சூட்டுக்கே போகிறது. தீனி கொடுத்துப் பொறுத்திருந்தால் மறுபடி இடும்.

குஞ்சு விசயம் வேறு. பொரித்த முதல் கிழமை குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை வரை சூடு வேண்டும். பிறகு கிழமைக்கு மூன்று பாகை அளவில் குறைக்கலாம். இறகு முழுதாக முளைக்க ஆறு முதல் எட்டுக் கிழமை ஆகும். தாய்க்கோழி இருந்தால் அந்தச் சூட்டை அது பார்த்துக்கொள்ளும். தாயில்லாக் குஞ்சை, வெளியே ஐந்து பாகைக்கும் கீழே போகிற இரவில் நாம் எப்படிப் பார்ப்பது? இங்கேதான் சகோதரிகளே, எங்களுக்குப் பயம் வருகிறது. கோழி செத்ததைவிடப் பெரிய பயம்.

நாங்கள் குஞ்சு கொடுத்த அந்த வருடம் ஒரு வீட்டில், இருந்த மூன்று குஞ்சையாவது காப்பாற்றலாம் என்று, வீட்டு வயரில் இன்னொரு வயரை முறுக்கி, கூட்டுக்கு ஒரு குண்டு பல்ப் இழுத்தார்கள். கீழே காய்ந்த புல். இரவு பல்ப் புல்லில் விழுந்து பற்றிக்கொண்டது. நாய் குரைத்ததால் ஆட்கள் எழும்பினார்கள். ஒரு காம்பராவின் பின்சுவரும் குசினிக் கூரையும் போனதோடு தப்பினோம். லயம் என்றால் என்ன? ஒரே கூரை. பத்து, பன்னிரண்டு, சில இடத்தில் இருபது குடும்பம். ஒரு மூலையில் பிடித்தால் மறுமூலை வரைக்கும் ஓடும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பள்ளிக்கூடப் புத்தகம், சீட்டுப் பணம் எல்லாம் அரை மணி நேரத்தில் சாம்பலாகும். அந்தப் பல்ப்பை இழுத்தவர் மேல் கோபப்பட எங்களுக்கு உரிமை இல்லை. குளிரில் சாகிற குஞ்சை அவர் கையில் கொடுத்தது நாங்கள்.

ஆகவே மாதர் பிரிவு சொல்வது இதுதான். லயத்தை ஒட்டிய கூட்டுக்கு மின்சாரம் இழுக்க வேண்டாம். இழுத்தாலும், இப்போது கடையில் கிடைக்கிற எல்ஈடி பல்ப் வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. மண்ணெண்ணெய் விளக்கும் வேண்டாம். கரிச்சட்டி வேண்டவே வேண்டாம். கரி நெருப்பிலிருந்து வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. குஞ்சுப் பெட்டியை வீட்டுக்குள் எடுத்து வைத்து, பக்கத்தில் கரிச்சட்டியையும் வைத்து, கதவு யன்னலை அடைத்துப் படுத்தால், குஞ்சும் எழும்பாது, பிள்ளையும் எழும்பாது. குளிர் தாங்காமல் தங்களுக்காகவே அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து இதை உங்கள் லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? தவிர்க்க முடியாமல் குஞ்சு கையில் இருந்தால், சுடுதண்ணீர்ப் போத்தல். வெறும் போத்தலுக்கு நம் லயங்களில் பஞ்சமில்லை, அது எப்படி வருகிறது என்பதை இன்னொரு கூட்டத்தில் பேசுவோம். போத்தலை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவிவிட்டு, பிறகு சூடான தண்ணீரை ஊற்றி இறுக மூடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். பழைய சாக்கில் சுற்றி, காட்போட் பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். மறுபக்கம் வெறுமையாக இருக்கட்டும், சூடு அதிகமானால் குஞ்சு விலகிப் போக இடம் வேண்டும். பெட்டியின் மேல் காற்றுப் போக ஓட்டை இருக்க வேண்டும். குஞ்சுகளே உங்களுக்குச் சொல்லும்: ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கீச்சுக் கீச்சென்றால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு, பரவிப் படுத்தால் சரி. ஆனால் போத்தல் ஆறிவிடும், நடு இரவிலும் விடியற்காலையிலும் மாற்ற வேண்டும். விடிய நாலரைக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளையை அனுப்பி, பிரட்டுக்கு ஓடுகிற பெண்ணுக்கு இது எத்தனை நாளைக்கு முடியும்?

அதனால் உண்மையான வழி நாட்காட்டியில் இருக்கிறது. அடை வைத்து இருபத்தொரு நாளில் பொரிக்கும். மார்கழி பிறக்கும்போது குஞ்சுக்கு எட்டுக் கிழமை ஆகியிருக்க வேண்டுமென்றால், புரட்டாசி நடுவுக்குள் முட்டையை அடை வைத்திருக்க வேண்டும். அது இந்த வருடம் போய்விட்டது. இனி மாசி பிறந்த பிறகு அடை வையுங்கள், பங்குனியில் குஞ்சு வெளியே வரும்போது பனி முடிந்திருக்கும். இடையில் அடைக்கு உட்காருகிற கோழியை எழுப்பி விடுங்கள். தீபாவளிக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. முற்பணம் கைக்கு வருகிற நாளில் குஞ்சு லொறியும் தோட்டத்துக்கு வரும், மலிவு என்பார்கள். வாங்க வேண்டாம். அப்போது வாங்கினால் வளர்ந்த கோழியாக வாங்குங்கள், ஐந்துக்குப் பதில் இரண்டாக இருந்தாலும் பரவாயில்லை.

குளிர் தொடங்கும் முன்பே அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டு ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பு மருந்து கொடுங்கள். குளிரில் மெலிந்த கோழியை நோய் சுலபமாகப் பிடிக்கும். ஒரே லயத்தில் பல கோழி சேர்ந்து செத்தால், அதைச் சமைக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். ஆழமாகப் புதைத்துவிட்டு வைத்தியருக்கு அறிவியுங்கள். குளிர் என்று கோழியைக் குசினியிலும் பிள்ளைகள் படுக்கிற கட்டிலுக்குக் கீழேயும் அடைப்பதையும் நிறுத்துவோம், எச்சத்தின் தூசு பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது.

கடைசியாக, சங்கத்துக்கு எங்கள் கோரிக்கை. இதுவரை சொன்னதெல்லாம் நாமே செய்யக்கூடியது. நம்மால் தனியாக முடியாதது நாலு இருக்கிறது. ஒன்று, சில தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கூடு கட்டினால் பிரிக்கச் சொல்கிறார்கள். லயத்திலிருந்து தள்ளி, மேட்டில், பொதுவாகக் கூடுகள் கட்ட ஓரிடம் ஒதுக்கித் தரும்படி மாதாந்தப் பேச்சில் நிர்வாகத்திடம் கேளுங்கள். தள்ளி இருந்தால் தீப் பயமும் குறையும், அடுத்த வீட்டுப் பாத்தியைக் கிளறிய சண்டையும் குறையும். இரண்டு, லயங்களின் பழைய வயர்களைப் பரிசோதித்து மாற்ற வேண்டும். கோழி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உயிர்ப் பிரச்சினை. மூன்று, மிருக வைத்தியர் வருடத்தில் ஒரு முறையாவது, புரட்டாசி ஐப்பசியில், தோட்டத்துக்கே வர ஒழுங்கு செய்யுங்கள். அலுவலகத்துக்குப் போய்வர ஒரு நாள் பேர் போகிறது. நாலு, இனி சங்கம் எதைக் கொடுத்தாலும், அதை எந்த மாதம் கொடுக்க வேண்டும் என்று மலையில் வேலை செய்கிற பெண்களிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இந்த நாலாவதை நாங்கள் எங்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். அன்றைக்குக் குஞ்சு வாங்குவதற்கு முன்னால், இங்கே முன்வரிசையில் இருக்கிற வயதான அம்மாமார் யாரிடமாவது கேட்டிருந்தால், “கார்த்திகையில் யாராவது குஞ்சு விடுவாங்களா?” என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை.

வருகிற பங்குனியில், அன்று இழந்த குடும்பங்களுக்கே முதலில், மாதர் பிரிவு மறுபடி குஞ்சு கொடுக்கும். அதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக் கூட்டையும் நாங்கள் நேரில் வந்து பார்ப்போம். குனிந்து மூக்கை வைத்துப் பார்ப்போம். கூடு காய்ந்திருந்தால்தான் குஞ்சு. இதற்கு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், வெளிச்சம் இருக்கும்போதே, ஒரு தடவை கூட்டைச் சுற்றிப் பாருங்கள்.